புண் தெரிந்த நாளும் புண் விழுந்த நாளும்

பெரம்பூரில் என் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. இடுப்பில் எலும்பு முறிவு. அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரிலேயே ஐந்து மணி நேரம் கிடந்தார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை மத்தியானம் டிஸ்சார்ஜ். அன்று சாயங்காலமே ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ் வந்துவிட்டார். உடம்பு துடைத்துவிடும்போது, பிட்டப் பிளவு தொடங்கும் இடத்துக்கு மேலே நாவல் பழக் கறை மாதிரி ஒரு திட்டு இருப்பதை அவர்தான் முதலில் பார்த்தார். உள்ளங்கையில் பாதி இருக்கும். தோல் கிழியவில்லை, நீர் கோக்கவில்லை. திங்கட்கிழமை அது நன்றாகக் கறுத்தது. அதற்கடுத்த வாரம் உடைந்தபோது உள்ளே கட்டைவிரல் போகிற பள்ளம்.

வீட்டில் எல்லோரும் விரல் நீட்டியது அந்தப் பெண்ணை நோக்கித்தான். "வந்து மூணு நாள்ல பெட்சோர் வர வெச்சிட்டாங்க" என்று உறவினர் ஒருவர் போனில் ஊருக்கே சொன்னார். ஹோம் நர்ஸ் என்னிடம் மட்டும் தணிந்த குரலில் ஒன்று சொன்னார்: "அண்ணா, இது இங்க வந்தது இல்ல. பாட்டி வரும்போதே உள்ள இருந்துச்சு." சமாளிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் சொன்னது சரி. ஆழத்தில் சதை நசுங்கினால் அந்தக் கருநீல நிறம் தோலுக்கு வந்து சேரப் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் செவ்வாய்க்கிழமையில், அதாவது ஆபரேஷன் மேஜையில் போய் நிற்கும். இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் படுக்கைப் புண்ணைப் பற்றிப் பாதி புரிந்த மாதிரி.

முதலில், எவ்வளவு அழுத்தம்? தோலுக்கும் தசைக்கும் கடைசி வரை ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள். 1930-இல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நகக்கண்ணில் இருக்கும் தந்துகிக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி அதற்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார். ரத்தம் நுழையும் பக்கத்தில் சராசரியாக 32 மி.மீ. பாதரசம், வெளியேறும் பக்கத்தில் 12. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் 120/80-க்குப் பக்கத்தில் வைத்தால் இது சொற்பம். 32 மி.மீ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 43 கிராம் பாரம். சுட்டுவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு சின்னக் கோழிமுட்டையை நிறுத்தி வைத்த கனம், அவ்வளவுதான்.

அப்படியானால் நாம் படுத்த உடனே ரத்தம் நின்றுவிட வேண்டாமா? ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ ஆள் மல்லாந்து படுக்கிறார். உடம்பின் பின்பக்கத்தில் 3,000 சதுர சென்டிமீட்டர் மெத்தையைத் தொடுகிறது என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம்தான் வருகிறது. முட்டையில் பாதிகூட இல்லை. பாரம் இப்படிச் சமமாகப் பரவினால் யாருக்கும் படுக்கைப் புண் வராது. ஆனால் நம் முதுகு தோசைக்கல் மாதிரித் தட்டையாக இல்லையே. பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, முதுகெலும்பு முடிகிற திரிக எலும்பு, குதிகால் எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பாரத்தில் பெரும்பங்கு அவற்றின் மேல் இறங்குகிறது. சாதாரண மெத்தையிலேயே திரிக எலும்புக்குக் கீழே 100 மி.மீ.க்கு மேல் போகலாம். கெட்டியான நாற்காலியில் உட்காரும்போது, உட்காரும் எலும்புகளுக்கு அடியில் 300 மி.மீ. வரைகூட அளந்திருக்கிறார்கள்.

இந்த 32 லட்சுமணன் கோடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாண்டிஸ் அளந்தது ஆரோக்கியமானவர்களின் விரல் நுனியில். நல்ல உடம்பு, வெளி அழுத்தம் கூடும்போது தன் உள் அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். பிரஷர் இறங்கிக் கிடக்கும் ஐசியு நோயாளிக்கோ, சர்க்கரையால் ரத்தக்குழாய் கெட்டுப்போன முதியவருக்கோ அந்தச் சமாளிப்பு குறைவு. அவர்களுக்கு 32-க்குக் கீழேயே ஓட்டம் நிற்கலாம். மெத்தை விளம்பரங்களில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

அடுத்தது, நசுங்குவது எது. மெத்தை அழுத்துவது தோலைத்தானே, தோல்தானே முதலில் கெட வேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. மேலே எலும்பு, கீழே மெத்தை, நடுவில் சதை. எலும்பு சின்ன முனை, மெத்தை அகலமான பரப்பு. ஒரே பாரம் மெத்தைப் பக்கம் அகலமாக விரிந்தும் எலும்புப் பக்கம் குறுகிக் குவிந்தும் கூம்பு வடிவத்தில் நிற்கிறது. அழுத்தம் உச்சத்தில் இருப்பது எலும்பை ஒட்டி. அங்கே இருப்பது தசை. ஓயாமல் வேலை செய்யும் தசைக்குப் பிராணவாயுப் பசி அதிகம், தோலோ கொஞ்சத்தில் பிழைத்துக்கொள்ளும். 1981-இல் பன்றிகளை வைத்து நடந்த ஒரு பரிசோதனையில் 500 மி.மீ. அழுத்தத்தில் 4 மணி நேரத்திலேயே தசை கெட்டது. தோல் முழுக்கக் கெடுவதற்கு 800 மி.மீ. அழுத்தமும் 8 மணி நேரமும் தேவைப்பட்டன.

கோயம்பேட்டில் ஆசையாக வாங்கிவந்த பங்கனப்பள்ளி மேலே தளதளவென்று இருக்கும், அறுத்தால் கொட்டையைச் சுற்றிக் கறுத்திருக்கும். பெரியம்மாவின் முதுகில் நடந்ததும் அதேதான். எலும்பை ஒட்டிய சதை செவ்வாய்க்கிழமையே செத்துவிட்டது. அதன் மேல் கூரையாக இருந்த தோலுக்கு விஷயம் தெரிய மூன்று நாள் ஆகியிருக்கிறது. பிறகு கூரை இடிந்தது, நாம் அதற்குப் 'புண் வந்தது' என்று பெயர் வைத்தோம். எல்லாப் படுக்கைப் புண்ணும் இப்படி உள்ளிருந்து வருவதில்லை. ஈரத்தாலும் உரசலாலும் மேல்தோல் உரிந்து வெளியிலிருந்து தொடங்குவதும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பள்ளம் விழுந்து, ஓரங்களுக்கு அடியில் குடைந்துகொண்டு போகும் மோசமான புண்கள் பெரும்பாலும் எலும்புப் பக்கத்திலிருந்து வருபவை.

இதை விளக்கும்போது டாக்டர்கள் வழக்கமாகத் தண்ணீர்க் குழாயை உதாரணம் சொல்வார்கள். மெட்ரோ வாட்டர் லாரியிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் மேல் யாரோ பைக்கை ஏற்றி நிறுத்திவிட்டால் தண்ணீர் நிற்பது போல, அழுத்தத்தில் ரத்தம் நிற்கிறது, செல்கள் பட்டினியில் சாகின்றன. உதாரணம் தப்பில்லை, ஆனால் பாதிதான். பட்டினியில் தசை சாகச் சில மணி நேரமாவது ஆகும். அழுத்தம் மிக அதிகமாக இருந்தால், ரத்தம் நிற்பதற்குக் காத்திருக்காமல் செல்லே நேரடியாக உருக்குலைகிறது. சப்பையாக நசுங்கிய செல்லின் சவ்வு இழுபட்டுக் கசியத் தொடங்கும், உள்ளே இருக்கும் எலும்புக்கூடு போன்ற இழைகள் அறும். இதற்குப் பல மணி நேரம் தேவையில்லை. கடந்த இருபது வருடங்களில் அழுத்தப் புண் ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த நேரடி நசுங்கலைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பாரத்தை எடுத்தவுடன் ரத்தம் திரும்பப் பாய்கிறது. நல்லதுதானே என்றால், பட்டினி கிடந்த திசுவுக்குள் திடீரென்று பிராணவாயு புகும்போது வேதிவினைகள் கட்டுமீறிப் போய், தப்பிப் பிழைத்த செல்களையும் கொஞ்சம் எரித்துவிடுகிறது. பஞ்சத்தில் வயிறு ஒட்டியவருக்கு எடுத்தவுடன் விருந்து போட்ட கதை. இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த மூன்று நாள்.

அழுத்தமும் நேரமும் ஒன்றோடொன்று கணக்குப் பேசிக்கொள்ளும் சங்கதிகள். அழுத்தம் அதிகமானால் கொஞ்ச நேரம் போதும், குறைவானால் ரொம்ப நேரம் வேண்டும். 1959-லும் 1961-லும் மைக்கேல் கோசியாக் என்ற மருத்துவர் விலங்குகளில் இதைச் சோதித்தார். விடாமல் 70 மி.மீ. அழுத்தத்தை 2 மணி நேரம் கொடுத்தாலே எலியின் தசை கெடத் தொடங்கியது. அதே தசைக்கு 240 மி.மீ. வரை கொடுத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு விட்டு அழுத்தினால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான். மூன்று மடங்கு பாரத்தைத் தாங்கிய சதை, இடைவெளி கிடைக்காதபோது சின்னப் பாரத்தில் செத்துவிட்டது.

நமக்கு அந்த இடைவெளியை உடம்பே எடுத்துக்கொள்கிறது. மார்கழியில் சபாவில் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு உட்கார்ந்திருப்பவர்களைக் கவனியுங்கள். ராகத்தில் மூழ்கியிருப்பவர்கூட ஒரு பக்கமாகச் சாய்வார், கால் மாற்றிப் போடுவார், லேசாக எழுந்து உட்காருவார். யாரும் யோசித்துச் செய்வதில்லை. பாரம் ஏறிய இடத்தில் ஒரு முணுமுணுப்பு எழும், நரம்பு அதை மேலே சொல்லும், உடம்பு நகர்ந்துகொள்ளும். தூக்கத்திலும் இதே. 1961-இல் இங்கிலாந்தில் முதியவர்கள் ராத்திரி எத்தனை தடவை அசைகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் அசைந்தவர்களுக்குப் புண் வரவில்லை. இருபதும் அதற்குக் குறைவுமாக அசைந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்தது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஆபத்து. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்குச் செய்தியே போகாது. பல வருடச் சர்க்கரையால் கால் மரத்தவருக்கும் அப்படித்தான். பக்கவாதம் வந்தவருக்குச் செய்தி போனாலும் நகர முடியாது. மறதி நோய் முற்றியவருக்கு நகரத் தோன்றாது. தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தவருக்கும், மயக்க மருந்தில் மேஜையில் கிடப்பவருக்கும் எல்லாமே நின்றிருக்கும். ஆபரேஷன் மேஜையின் மெத்தை மெல்லியது, மயக்கத்தில் பிரஷர் இறங்கும், இரண்டு மூன்று மணி நேரம் ஒரே கிடை. அதற்கு முந்தைய ஸ்ட்ரெச்சரில் ஐந்து மணி நேரம், முறிந்த இடுப்போடு இம்மியும் அசைய முடியாமல். பெரியம்மாவின் புண்ணுக்குத் தேவையான எல்லாம் வீட்டுக்கு வருமுன்பே நடந்துவிட்டது.

இனி சறுக்கல். நேராக அழுத்துவதைவிடக் கள்ளத்தனமானது இது. வாடகைக்கு எடுத்துவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால்மாட்டில் கைப்பிடி இருக்கும், சுற்றினால் தலைப்பக்கம் உயரும். பெரியம்மாவுக்குச் சாயங்காலம் ஆறரை மணியிலிருந்து சீரியல். தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம். அரைமணி கழித்துப் பார்த்தால் கழுத்து வளைய, பாதம் கட்டில் முனையைத் தொட, கீழே வழுக்கி இறங்கியிருப்பார். வழுக்கியது எலும்பும் உடம்பும்தான். முதுகுத் தோல் வியர்வையில் பெட்ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். எலும்பு கீழே போக, தோல் மேலே நிற்க, நடுவில் ஆழத்திலிருந்து மேலே ஏறிவரும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு வளைந்து அடைபடும். உள்ளங்கையை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டு மணிக்கட்டை முன்னே தள்ளிப் பாருங்கள். கை நகராது, ஆனால் உள்ளங்கைச் சதை இழுபடுவது தெரியும்.

1974-இல் பன்றிகளில் செய்த ஒரு சோதனை இதற்கு எண் கொடுத்தது. வெறும் அழுத்தம் மட்டும் என்றால் புண் உண்டாக 290 மி.மீ. தேவைப்பட்டது. உரசலும் சேர்ந்துகொண்டபோது 45 மி.மீ. போதுமாக இருந்தது. தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் நெடுநேரம் உயர்த்தி வைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி இறங்குபவருக்குத் தலையைத் தாழ்த்தினால் உணவு நுரையீரலுக்குப் போகும் ஆபத்து. முதுகைக் காப்பாற்றுவதா, மூச்சைக் காப்பாற்றுவதா என்ற இழுபறி அங்கே தினமும் நடக்கும். மூச்சுதான் ஜெயிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்தால் வழுக்குவது குறையும், உணவு இறங்கி ஒரு மணி நேரம் கழித்துத் தலைப்பக்கத்தைத் தணிக்கலாம். மேலே தூக்கிப் போடும்போது அக்குளில் கைவைத்து இழுப்பது கூடாது. பழைய வேட்டி ஒன்றை மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு வைத்தால், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தொட்டில் மாதிரித் தூக்கி நகர்த்தலாம்.

சென்னைக்கென்று ஒரு கூடுதல் தொல்லை உண்டு. மே மாதப் புழுக்கத்தில், ரெக்சின் உறை போட்ட மெத்தையில், அதன் மேல் ரப்பர் ஷீட்டில், டயாப்பரோடு ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். தண்ணீரில் வெகுநேரம் துணி துவைத்த கை மாதிரித் தோல் ஊறி வெளுத்துப்போகும். ஊறிய தோலுக்கு வலு இல்லை, பெட்ஷீட் மடிப்பு உரசினாலே உரியும். உடம்புச் சூடு ஒரு டிகிரி கூடினால் திசுவின் பிராணவாயுத் தேவை சுமார் 10 சதவீதம் கூடும். ஆக, காய்ச்சலில் கிடப்பவரின் தசை அதே அழுத்தத்தில் இன்னும் சீக்கிரம் மூச்சுத் திணறுகிறது. 'உடம்புச் சூட்டால வந்த புண்ணு' என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பது இங்கேதான். மற்றபடி இளநீர் கொடுத்து ஆற்றக்கூடிய புண் இல்லை இது.

ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் கட்டம் 'சிவத்தல்' என்று இருக்கும். விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால், சாதாரணச் சிவப்பு வெளுத்துத் திரும்பச் சிவக்கும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அடியில் குழாய்கள் கெட்டிருக்கின்றன என்று அர்த்தம். சரி, நம்மில் எத்தனை பேர் தோலில் சிவப்பு தெரியும்? மாநிறத்திலும் கறுப்பிலும் அது சிவப்பாக வராது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கறுப்பாக, கருநீலமாக, சில சமயம் வெறும் பளபளப்பாக மட்டும் வரும். அழுத்திப் பார்த்தாலும் வெளுப்பது தெரியாது. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய அடையாளத்தை அப்படியே இங்கே வைத்துக்கொண்டு 'சிவக்கவே இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அதனால்தான் நம் நோயாளிகளில் புண் இரண்டாம் மூன்றாம் கட்டத்தில் 'திடீரென்று' தோன்றுகிறது.

நம் தோலுக்குக் கண்ணைவிடக் கை நல்லது. புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கல் மாதிரி இறுகியோ ஊறிய பஞ்சு மாதிரிக் கொளகொளவென்றோ இருக்கிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறாரா? ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது முக்கியம், டியூப் லைட்டில் எல்லாத் தோலும் நீலம் பாரித்துத் தெரியும். எங்கள் ஹோம் நர்ஸ் வெள்ளிக்கிழமை அந்தத் திட்டைக் கண்டுபிடித்ததே அறை ஜன்னல் மேற்குப் பார்த்து இருந்ததால்தான்.

அப்புறம் நாம் செய்யும் வைத்தியங்கள். கறுத்த இடத்தில் எண்ணெய் வைத்து நன்றாகத் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் அனிச்சையாக நடக்கும். ரத்த ஓட்டம் வரும் என்ற நம்பிக்கை. உள்ளே ஏற்கெனவே நசுங்கி உடையத் தயாராக இருக்கும் குழாய்களைத் தேய்ப்பு இன்னும் கிழிக்கிறது. முதுகின் மற்ற இடங்களைத் தடவிக் கொடுங்கள், அவர்களுக்கு அது ஆறுதல். எலும்பு முட்டும் இடத்தைத் தேய்க்க வேண்டாம்.

இன்னொன்று வளையம். காற்றடைத்த ரப்பர் வளையம் சர்ஜிக்கல் கடையில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் துணியைச் சுருட்டி ஒரு சும்மாடு செய்து புண்ணைச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் செய்தோம். புண் மெத்தையில் படாது என்பது யோசனை. தலையில் குடம் தூக்குபவருக்குச் சும்மாடு பொருத்தமான கருவிதான், உருண்டையான மண்டைக்கும் குடத்துக்கும் நடுவில் பாரத்தைப் பரப்புகிறது, பத்து நிமிடத்தில் இறக்கியும் வைத்துவிடுகிறார். முதுகுக்கு அடியில் நாள் முழுக்க இருக்கும் சும்மாடு, புண்ணைச் சுற்றி ஒரு வட்டம் முழுக்க ரத்தத்தை நிறுத்துகிறது. நடுவில் இருக்கும் சதைக்கு வருகிற வழியெல்லாம் அடைபடுகிறது, வீக்கம் சேர்கிறது. வளையங்களைத் தவிர்க்கச் சொல்லி இன்றைய வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன.

ஏர் பெட் உதவுமா? உதவும், அது என்ன செய்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால். அதில் இருக்கும் குமிழிகளில் பாதி நிரம்பும்போது மறுபாதி தளரும், சில நிமிடங்கள் கழித்து மாறிக்கொள்ளும். கோசியாக் எலிக்குக் கொடுத்த இடைவெளியைத்தான் மோட்டார் வைத்துக் கொடுக்கிறார்கள். மோட்டாரில் உள்ள திருகியை நோயாளியின் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். 'நல்லா உப்பலா இருக்கட்டும்' என்று கடைசி வரை திருகினால் அது கல் மெத்தை ஆகிவிடும். ரொம்பத் தளர்த்தினால் உடம்பு கீழே முட்டும். இதற்கு ஒரு கைச் சோதனை இருக்கிறது: ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்புக்கும் கைக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். ஏர் பெட் மேல் கனமான மெத்தை விரிப்பு, ரப்பர் ஷீட், நாலாக மடித்த போர்வை என்று அடுக்கினால் வாங்கிய காசு வீண்.

கரண்ட் போனால் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றதும் குமிழிகள் மெல்ல இறங்கி, நோயாளி வெறும் பலகைக் கட்டிலில் படுத்தது போல ஆகிவிடும். மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு வேலை செய்து வைக்கலாம். ஏர் பெட்டுக்கு அடியில் நல்ல ஸ்பாஞ்ச் மெத்தை எப்போதும் இருக்கட்டும். கரண்ட் போன உடனே குழாயைக் கழற்றி மூடியால் அடைத்தால் காற்று சில மணி நேரம் நிற்கும், அந்த மூடி எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

எந்த மெத்தை இருந்தாலும் திருப்பிப் போடுவது தப்பாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையோடு சேர்ந்தே பேசப்படுகிறது. முதுகுத் தண்டில் அடிபட்ட வீரர்கள் அதுவரை பெரும்பாலும் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். 1944-இல் அங்கே பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பவைத்தார், பலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு விளையாட்டு கற்றுக் கொடுத்ததும் அவர்தான், அது பிறகு பாராலிம்பிக் ஆனது. இந்த இரண்டு மணி வேதவாக்கு இல்லை. எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு அதுவே அதிகம், நல்ல மெத்தையில் படுக்கும் சிலருக்கு ராத்திரியில் மூன்று நான்கு மணி நேரம்கூடத் தாங்கலாம். திருப்பும்போது தோலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் நெருக்கம், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னே சாய்ந்தோ பக்கவாட்டில் சரிந்தோ பாரத்தை எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு நிமிடமாவது.

திருப்புவதிலும் ஒரு நுணுக்கம். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எடை முழுவதும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் இறங்கி, முதுகில் தப்பித்த புண் இடுப்பில் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும், பாரம் பிட்டச் சதையில் இறங்கும். குதிகாலுக்கு அடியில் தலையணை வைக்காமல், கெண்டைக்கால் நெடுகத் தலையணை கொடுத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. புண் என்றதுமே முட்டை, மீன், கத்திரிக்காய், பருப்பு எல்லாம் பத்தியப் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. 'சீழ் வைக்கும்' என்பார்கள். மிஞ்சுவது ரசம் சாதமும் பிரெட்டும். பள்ளத்தை நிரப்பச் சதை வளர வேண்டும், சதைக்குப் புரதம் வேண்டும். இப்படிப்பட்ட நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் என்பது வழக்கமான கணக்கு. 50 கிலோ பெரியம்மாவுக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான் என்று சொன்னால் எவ்வளவு பின்தங்கியிருந்தோம் என்று புரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளம் விழுந்த பிறகு வீட்டு வைத்தியம் வேண்டாம். செத்த சதை கறுப்பு ஓடு மாதிரி மூடியிருந்தால் அடியில் எவ்வளவு ஆழம் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. எலும்பு வரை போனால் எலும்பிலேயே தொற்று ஏறும், ரத்தத்தில் கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், நாற்றம், திடீர்க் குழப்பம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடமாட முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிந்துகொள்வார்கள்.

பெரியம்மாவுக்குச் செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். எங்கள் வீட்டு நாள்காட்டித் தாளின் ஓரத்தில் மணி எழுதி, இடதுக்கு 'இ', வலதுக்கு 'வ' என்று குறித்துக்கொண்டே வந்தோம். ஹோம் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு முட்டை வேகவைக்கப் போய்விட்டார். புண் மூட ஐந்து மாதம் ஆனது. மூடிய இடத்தில் இருப்பது பழைய தோல் இல்லை, தழும்பு. முழுக்க முதிர்ந்த பிறகும் அதன் வலு பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொன்னதால் நாள்காட்டிக் கணக்கை நிறுத்தவில்லை. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிப்பதற்கு முன்பே உள்ளறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்துவிடுகிறது: "டேய், மணி ஆகலையா? திருப்பி விடுடா."